ஒரு டீகூட வாங்கித் தராமல் கிடைத்த சீட்

தேவசகாயம் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்த கதையை நான் பல வருஷமாக நம்பியதே இல்லை, அண்ணாச்சி. இன்றைக்கு முழுசாக நம்புகிறேனா என்று கேட்டால், அதுவும் தெரியாது. நம்பாத கதையை எனக்கு எதற்குச் சொல்லுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயம்தான். நீங்கள் பையனைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பப் பார்க்கிறீர்கள், அதனால் சொல்லுகிறேன். "சீட்டெல்லாம் ஏற்கெனவே வித்துப் போச்சாம், உள்ள பணம் கேக்காங்களாம்" என்று போனில் பேசினீர்களே, காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. இந்த ஐ.டி.ஐ. தகர ஷெட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாமல் இருக்குமா? உட்காருங்கள். உங்கள் பையன் டோக்கனுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. என் மகளும் உள்ளேதான் நிற்கிறாள். அதோ, நீலச் சுடிதார், ஜன்னல் ஓரம். உலகம்மாள் என்று பெயர். என் அம்மா பெயர். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. உலகு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

நான் லிங்கத்துரை. உப்பளத்து ரோட்டில் எடைமேடை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். லாரி ஏறி நிற்கும், பக்கத்து அறையில் ஒருவன் கண்ணாடி வழியாகப் பார்த்து எடை போடுவான். அந்த ஒருவன் நான்தான்.

லேசான வேலை என்று நினைப்பீர்கள். லாரியைக் காலியாக ஒரு தடவை, உப்பு ஏற்றிக்கொண்டு ஒரு தடவை எடை போட வேண்டும். வித்தியாசம்தான் சரக்கு. அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்குள் மனுஷன் என்னென்ன செய்வான் தெரியுமா? காலி எடை போடும்போது தண்ணீர் டிரம் நிறைந்திருக்கும், கிளீனர் சீட்டுக்கு அடியில் மூச்சுக் காட்டாமல் படுத்திருப்பான். சரக்கு எடை போடும்போது டிரம்மில் ஒரு சொட்டு இருக்காது, கிளீனர் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். பின்சக்கரம் மேடைக்கு ஒரு விரல் வெளியே நிற்கும், ஏற்றின உப்பு குறைச்சலாகக் காட்டும். டிரைவர் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி, பிள்ளைங்க நல்லாருக்கா?" என்று விசாரிப்பான். எவன் அதிகம் விசாரிக்கிறானோ அவன் சக்கரத்தை நான் இறங்கிப் போய்ப் பார்ப்பேன்.

ஆகவே சந்தேகம் என் குணமில்லை, அண்ணாச்சி. என் வேலை. என் வீட்டில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேவசகாயத்துக்கு வருகிறேன். அவனும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு ஒன்றாக எழுதினோம். பிறகு அவன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து, அனல் மின் நிலையத்தில் சேர்ந்து, போர்மேனாகப் போன வருஷம் ரிடையர் ஆனான். மாடி வீடு, பென்ஷன், மகன் பெங்களூரில். அவன் சொல்லுகிற கதை இதுதான். ஐ.டி.ஐ.க்குப் போனான். கூப்பிட்டார்கள், சேர்ந்தான். படித்தான். அப்ரண்டிஸ் முடித்தான். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் கார்டு வந்தது. போனான். வேலை கொடுத்தார்கள். முடிந்தது.

"யாருக்கும் ஒரு டீகூட வாங்கித் தரலை லிங்கம்" என்பான் கடைசியில். கல்யாண வீட்டில் சொல்லுவான். துஷ்டி வீட்டில், பிணத்தை எடுக்கக் காத்திருக்கிற நேரத்தில்கூடச் சொல்லியிருக்கிறான். பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். "ஐ.டி.ஐ.ல சேருங்க. கையில தொழில் வந்துரும். செலவே கிடையாது. நான் யாருக்கும் ஒரு டீகூட வாங்கித் தரலை."

நீங்களே சொல்லுங்கள், ஒரு கதை என்றால் மேடு பள்ளம் வேண்டாமா? ஒருவன் போனான், கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தான் என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? லாரி கொஞ்சம் கோணலாக வந்து நின்றால் நான் கவலைப்பட மாட்டேன். கோடு போட்ட மாதிரி வந்து மேடைக்கு நடுவில் நின்றால்தான் எழுந்து வெளியே போவேன்.

ஒரு தடவை அவனைப் பிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஏல சகாயம், முதல்ல என்ன சொல்லிக்கொடுத்தாங்க?"

"அரம் போட."

"என்னது?"

"இரும்புத் துண்டை வைஸ்ல இறுக்கிப் புடிச்சு, அரத்தால ராவணும்ல. நாலு பக்கமும் சதுரமா வார வரைக்கும். கைத்தோல் உரிஞ்சு போகும்."

"அப்போ கரண்டு?"

"கரண்டெல்லாம் பிறவு. மாசக்கணக்கா இரும்புதான்."

கரண்டு வேலை படிக்கப் போனவனை எதற்கு இரும்பைத் தேய்க்கச் சொல்லப் போகிறான்? சமையல் படிக்கப் போனவனைக் கிணறு வெட்டச் சொன்ன மாதிரி இருக்கிறது. பொய் சொல்லுகிறவன்கூட இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுவான். இவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயே போகவில்லை, சர்டிபிகேட்டை எங்கேயோ வாங்கியிருக்கிறான் என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி செல்வக்கனி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "சர்டிபிகேட்டை வாங்கலாம். அவ்வளவு பெரிய அனல் நிலையத்துல இத்தனை வருஷம் உசிரோட இருக்காரே, அதையும் வாங்கினாரா?" என்றாள். அவளுக்கு எதையும் ஆழமாக யோசிக்கத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சகாயத்தைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், நன்றி மறக்கக் கூடாது. நானும் அதே வருஷம் அதே ஐ.டி.ஐ.க்கு எழுதிப் போட்டவன்தான். மார்க்கு எனக்குத்தான் கூட. எனக்கு எலக்ட்ரீஷியனுக்கு நேர்காணல் கார்டு வந்துவிட்டது. அவனுக்கும் கார்டு வந்தது, வெயிட்டிங் என்று போட்டிருந்தது. போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் சகாயம் எங்கள் வீட்டுக்கு வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"விசாரிச்சுட்டு வாரேன் லிங்கம். உள்ள பணம் கேக்காங்களாம்ல. கொடுக்கலைன்னா ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்கிடுதாங்களாம். திருப்பித் தரவே மாட்டாங்களாம்."

எங்கள் அப்பா உள்ளே இருந்து வந்தார். "நீ போகப் போறியாடே?" என்று அவனைக் கேட்டார்.

"நான் வெயிட்டிங்தான மாமா. எனக்கு எங்க கிடைக்கப் போகுது? சும்மா வேடிக்கை பார்த்துட்டு வருவேன்."

அப்பா என் சர்டிபிகேட்டை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எங்களிடம் கொடுக்கப் பணமும் இல்லை, அந்தச் சர்டிபிகேட்டை விட்டால் வேறு காகிதமும் இல்லை. அடுத்த வாரமே சென்னைக்கு ரயில் ஏறினேன். சித்தப்பாவின் மளிகைக் கடை. முதல் மாசமே கையில் சம்பளம், அண்ணாச்சி. சகாயம் அப்போது அவன் அப்பா போட்ட சோற்றைத் தின்றுவிட்டு இரும்பு தேய்த்துக்கொண்டிருந்தான், அவன் சொல்லுகிற கதைப்படி. நான் ஊருக்குப் பணம் அனுப்பினேன். பிறகு சித்தப்பா கடையை விற்றார், வேறு கடையில் நின்றேன், அதுவும் போயிற்று, ஊருக்கு வந்தேன், எடைமேடையில் சேர்ந்தேன். வருத்தமில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். உள்ளே பணம் கேட்கிறார்கள் என்று சொன்னவன் சகாயம். யாருக்கும் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை என்று சொல்லுகிறவனும் சகாயம். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? ஏதாவது ஒன்று பொய். அவன் சேர்ந்திருக்கிறான். அதனால் கொடுத்திருக்கிறான். கொடுத்ததை மறைக்கிறான். இவ்வளவு சுலபம். எனக்குக் கொடுக்க வசதியில்லை, அவனுக்கு எங்கிருந்தோ வந்திருக்கிறது, அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். அதை அவன் வாயால் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன். சண்டைக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

இன்னொன்று. நான் வீடு கட்டினபோது வயரிங் முழுக்க அவன்தான் செய்தான். லீவு போட்டு வந்து செய்தான். பைசா வாங்கவில்லை. நான் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். மின்விசிறி நின்றால் அவன்தான், மோட்டார் ஓடாவிட்டால் அவன்தான். பின்பக்கம் குழி தோண்டி எர்த் போட்டான். கரியும் உப்பும் வாங்கி வரச் சொன்னான். உப்பளத்தில் வேலை பார்க்கிறவனைக் கடையில் உப்பு வாங்கச் சொல்லுகிறானே என்று செல்வக்கனி சிரித்தாள். கோடையில் அந்தக் குழியில் தண்ணீர் ஊற்ற மறந்துவிடக் கூடாது என்று வருஷா வருஷம் வந்து ஞாபகப்படுத்துவான். ஒரு மனுஷன் எதற்கு அண்ணாச்சி இவ்வளவு செய்ய வேண்டும்? நான் யோசிக்காத நாள் இல்லை. தன் தொழிலைக் காட்டிக்கொள்ளுகிறானா? எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கண்ணா? மனையைப் பற்றி ஒரு வார்த்தை அவன் கேட்டதில்லை. கேட்காதவனைத்தான் நம்ப முடியவில்லை.

அதோ, வரிசை நகருகிறது. இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள் அவளுக்கு முன்னால்.

இந்த உலகு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். என் முதலாளி தங்கமான மனுஷன், அவராகவே கேட்டார். "பிள்ளையைச் சும்மா ஏன் வச்சிருக்கீரு? நம்ம ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல பில் போடட்டும். அடுத்த மாசத்துலேர்ந்து சம்பளம்." வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நானும் பக்கத்தில் இருப்பேன். நல்ல வாய்ப்பு. வந்து சொன்னால் இவள் ஐ.டி.ஐ. என்கிறாள். எலக்ட்ரீஷியன் என்கிறாள்.

உட்கார வைத்துக் கணக்குச் சொன்னேன். "இங்க பாரு, ரெண்டு வருஷம் படிப்பு. பிறவு அப்ரண்டிஸ். அந்த மூணு வருஷச் சம்பளம் போச்சு. அதுக்குப் பிறவு உனக்கு யாரு கார்டு அனுப்பப் போறா? சகாயம் காலம் இல்ல இது. இப்ப எல்லாம் கான்ட்ராக்ட். எங்க பார்த்தாலும் கான்ட்ராக்ட். மூணு வருஷம் படிச்சு கான்ட்ராக்ட்காரன்கிட்ட நிக்கதுக்கு, இன்னைக்கே பில் போடு."

"பில் போட்டா மூணு வருஷம் கழிச்சு என்னப்பா பண்ணுவேன்?"

"பில் போடுவ."

"அதான்" என்றாள்.

எனக்கு அந்த 'அதான்' பிடிக்கவில்லை.

பிறகு அவளே ஆரம்பித்தாள். சோலார் எல்லாம் வருகிறதாம், காற்றாலை இருக்கிறதாம், பொம்பளை எலக்ட்ரீஷியன் என்றால் வீட்டுக்குள் தைரியமாகக் கூப்பிடுவார்களாம், லைசென்ஸ் எடுத்தால் சொந்தமாகச் செய்யலாமாம். சரி, செலவு எவ்வளவு என்றேன். செலவே இல்லை என்றாள். பீஸ் இல்லை. சைக்கிள் தருவார்கள். பஸ் பாஸ், துணி, ஷூ. மாசாமாசம் உதவித்தொகை வேறு.

"நமக்கு அவங்க பணம் தருவாங்களா?"

"ஆமாப்பா."

"எதுக்கு?"

"படிக்கதுக்கு."

"அதான் எதுக்குன்னு கேக்கேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். பணம் கேட்டால்கூட எவ்வளவு என்று பேரம் பேசலாம். சும்மா தருகிறேன் என்கிறவனிடம் என்ன பேசுவது? பக்கத்து ஊரில் ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்டிலும் விசாரித்தேன். அங்கே ஏசி அறையில் உட்கார வைத்து, ஜூஸ் கொடுத்து, ஆறே மாசத்தில் வெளிநாட்டு வேலை என்றார்கள். பீஸைக் கேட்டதும் ஜூஸ் தொண்டையில் நின்றது. ஆனால் ஒன்று, அவன் கேட்டது புரிந்தது. பணம் வேண்டும், கேட்கிறான். இந்த அரசாங்க ஐ.டி.ஐ.தான் எனக்குப் புரியவில்லை.

இவள் ஒரு நாள் தோழிகளோடு இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனாள். வந்து சொல்லுகிறாள், "அப்பா, முதல் மாசமெல்லாம் அரம் போடச் சொல்லுவாங்களாம். ஒரு அக்கா கையைக் காட்டினாங்க, காய்ச்சுப் போயிருக்கு."

"சகாயம் மாமா சொல்லச் சொன்னானா?" என்றேன்.

முகம் செத்துப்போயிற்று. "நீங்க லாரியை மட்டும் எடை போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. செல்வக்கனியும் எனக்குச் சோறு வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் பிள்ளை வருவாள் என்றும் சொல்லிவிட்டேன். அவளுக்கு வந்த கவுன்சிலிங் கடிதம் அலமாரியில் இருந்தது, என் கையெழுத்து இல்லாமல்.

நேற்று மத்தியானம் சகாயம் எடைமேடைக்கு வந்தான். செல்வக்கனிதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியும். ஸ்கூட்டரை மேடை மேலேயே ஏற்றி நிறுத்தினான். உள்ளே எண் ஓடுகிறது. நான் வெளியே வந்தேன்.

"பிள்ளையை ஏம்ல தடுக்க?"

"தடுக்கலை. விசாரிக்கேன்."

"யாருகிட்ட விசாரிக்க?"

"உங்கிட்டதான். சீட்டுக்கு நீ எவ்வளவு கொடுத்தன்னு சொல்லு. அதை மட்டும் சொல்லிரு. நாளைக்கு நானே அவளைக் கூட்டிட்டுப் போறேன்."

சிரித்தான். "ஒரு டீகூட..."

"நிறுத்து. அந்த டீயை இன்னும் எத்தனை வருஷம்ல ஆத்துவ?"

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கேட்டுவிட்டேன். "நீதான வந்து சொன்ன, உள்ள பணம் கேக்காங்கன்னு? என்னைவிட மார்க்கு கம்மி. வெயிட்டிங்ல கிடந்தவன். கொடுக்காம எப்படில உள்ள போன? சொல்லு. கொடுத்தேன்னு சொன்னா நான் என்ன உன்னைத் தூக்கிலயா போடப் போறேன்? எம் பிள்ளையை அனுப்பணும், எவ்வளவு தயார் பண்ணிட்டுப் போகணும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. சகாயம் ஸ்கூட்டரை இறக்கித் தள்ளி வைத்தான். நான் உள்ளே போய் எடை போட்டேன். டிரைவர் எடைச் சீட்டு வாங்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் விசாரிக்காமல் போனான். வெளியே வந்தால் சகாயம் வெயிலில் அதே இடத்தில் நிற்கிறான். போயிருப்பான் என்று நினைத்தேன்.

"உன் பேரைக் கூப்பிட்டாங்கல" என்றான்.

"எங்க?"

"அன்னைக்கு. முதல்ல உன் பேரைத்தான் கூப்பிட்டாங்க. லிங்கத்துரை, லிங்கத்துரைன்னு. ஒருத்தர் வராண்டா வரைக்கும் வந்து கூப்பிட்டாரு. நான் தூணுக்குப் பக்கத்துல நின்னேன். பிறவு வெயிட்டிங்ல முதல் ஆளைக் கூப்பிட்டாங்க. அது நான்தான்."

"பணம் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கலை."

"அப்போ முந்தின நாள் உங்கிட்ட யாரு சொன்னா, கேக்காங்கன்னு?"

"யாரும் சொல்லலை லிங்கம்."

"விசாரிச்சுட்டு வாரேன்னு சொன்னியே."

"எங்கயும் போகலை. உங்க தெருமுக்குல சைக்கிளை நிறுத்தி, உங்கிட்ட என்ன சொல்லலாம்னு யோசிச்சேன். அவ்வளவுதான் நான் விசாரிச்சது." ஸ்கூட்டர் ஹாண்டிலைப் பிடித்தான். பிறகு, "நீ வர மாட்டன்னு நான் நினைக்கலைல. கேட்டையேதான் பார்த்துக்கிட்டு நின்னேன். உன் பேரைக் கூப்பிட்டப்பகூட, ஓடி வந்துருவன்னுதான் நினைச்சேன்" என்றான். "பிள்ளையை அனுப்பு" என்றான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு வந்த லாரிகளை எடை போட்டேன். ஒன்றிலும் தப்பு வரவில்லை. ஒரு சக்கரத்தையும் இறங்கிப் போய்ப் பார்க்கவும் இல்லை.

வீட்டுக்கு நடந்து போகும்போது வேறு மாதிரி ஓடியது மனசு. இவன் இப்போது சொன்னது மட்டும் உண்மையா? எனக்குக் கையெழுத்துப் போட ஒரு காரணம் வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். செல்வக்கனி சொல்லி அனுப்பியிருக்கிறாள். பிள்ளைக்காகத் தன் தலையில் ஒரு பழியைத் தூக்கிப் போட்டுக்கொண்டால்? செய்யக்கூடியவன்தான். பைசா வாங்காமல் வீடு முழுக்க வயர் இழுத்தவன். இத்தனை வருஷம் நேராக இருந்த கதையில் இப்போது ஒரு பள்ளம் வந்திருக்கிறது, அதுவும் எனக்கு வேண்டிய இடத்திலேயே வந்திருக்கிறது. அது எனக்குச் சந்தேகமாக இருந்தது, அண்ணாச்சி. சிரிக்காதீர்கள். நீங்களாக இருந்தாலும் யோசிப்பீர்கள்.

எப்படியோ, கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். உலகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவேன் என்று பயமோ என்னவோ. முதலாளிக்குப் போன் பண்ணினேன். "ஏன்யா, நேத்து வாரேன்னீரு" என்றார். வீட்டு விஷயம் என்றேன்.

கொஞ்சம் இருங்கள். அவள் முறை வந்துவிட்டது. பாருங்கள், ஒரிஜினலை வாங்குகிறார் அந்த ஆள். வாங்கிவிட்டார். புரட்டுகிறார். பக்கத்து மேஜைக்கு ஏன் கொடுக்கிறார்? உங்களுக்குத் தெரிகிறதா, எனக்குத் தூண் மறைக்கிறது. ஏதாவது கேட்கிறாரா? அவள் தலையை ஆட்டுகிறாள். இல்லை, சும்மா பெயர் கேட்கிறார் போலிருக்கிறது. முத்திரை குத்துகிறார். கொடுத்துவிட்டார். சர்டிபிகேட்டை அவளிடமே கொடுத்துவிட்டார், பார்த்தீர்களா? பைக்குள் வைக்கிறாள். வேறு ஒன்றும் கை மாறவில்லையே? நானும் பார்க்கவில்லை.

எலக்ட்ரீஷியன் பக்கம்தான் போகச் சொல்லுகிறார்.

உங்கள் பையன் டோக்கனைக் கூப்பிடுகிறார்கள். அனுப்புங்கள் அண்ணாச்சி. போ தம்பி, ஒரிஜினலைக் கையில் எடுத்துக்கொண்டு போ, ஓடு. அப்பா இங்கேயே இருப்பாங்க. நீங்கள் இருங்கள், போன் எடுக்க வேண்டாம், இன்னும் ரெண்டு வார்த்தைதான். உள்ளே பணம் கேட்கிறார்கள் என்று உங்களுக்குச் சொன்ன ஆள் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்கள் சொந்தக்காரராக இருக்கும், நல்லவராகவே இருக்கும்.

காலையில் இவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில், அவளை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு, சகாயம் வீட்டு கேட்டில் நின்றேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினான். திட்டப் போகிறேன் என்று நினைத்திருப்பான், தோளை ஒரு மாதிரி ஒடுக்கிக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்தபடி நின்றான். திட்டத்தான் போனேன். ராத்திரி முழுக்க வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு ஒன்றுதான் வாயில் வந்தது.

"சகாயம், இத்தனை வருஷமா நீ சொன்ன எதையும் நான் நம்புனதில்லை. அரம் போட்டேன்ன, நம்பலை. வேலைக்குக் கார்டு வந்துதுன்ன, நம்பலை. டீ வாங்கித் தரலைன்ன, நம்பலை. அந்த ஒண்ணை மட்டும், சைக்கிள்ல நின்னுக்கிட்டு நீ சொன்ன அந்த ஒண்ணை மட்டும், நான் ஏம்ல உடனே நம்புனேன்?"